நிக்கல் தகடு

"இது என்ன, உன் வீட்டு இட்லிப் பானையா?"

விஞ்ஞானி வந்தனா போட்ட சத்தத்தில் செம்பூர் ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது. துப்புரவு வேலைக்குத் தாராவியிலிருந்து வரும் தங்கமயில், துருவேறிய கம்பி நாரை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் நிக்கல் தகடுகளை, இத்தனை மாதமும் அதை வைத்துத்தான் தேய்த்திருக்கிறாள்.

"பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னுதான் தேச்சேன், மேடம்."

"இனிமே இந்த மாடிக்கே வராதே."

மறுநாளே அவளைக் கீழே கேன்டீனுக்கு மாற்றிவிட்டார்கள். எல்லாரையும்விடக் குறைந்த மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுப்பவள் என்று வந்தனாவுக்கு ஏற்கெனவே பெயர். புதுத் தகடுகளை வரவழைத்தாள். "செலவு இன்னும் குறையும் சார்," என்று இயக்குநரிடம் சொல்லியும் வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து, கேன்டீன் வாசலில் வந்து நின்ற வந்தனாவைக் கண்டதும் தங்கமயில் பதறி எழுந்தாள்.

"நான் மேல வரவே இல்ல மேடம். வேணும்னா லிஃப்ட்காரர்ட்ட கேட்டுப் பாருங்க."

வந்தனாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. புதுத் தகடுகள் ஊரார் தகடுகளைப் போலவே மின்சாரத்தைக் குடித்தன. பழைய தகட்டின் பரிசோதனை அறிக்கை கையில் கசங்கிக்கொண்டிருந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்தியது அவள் மூளை இல்லை. தகட்டில் ஒட்டியிருந்த இரும்புத் துகள்.

"அக்கா," என்றாள், முதல் தடவையாக. "அந்தக் கம்பி நாரை எந்தக் கடையில வாங்கினீங்க?"