வலப்பக்கம் போன விசைகள்

"என் டிமக்ஸை யார் தொட்டது?" என்று ஓக்னியான் கேட்டபோது, பக்கத்து மேசையில் ராலிட்சா பனிட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ப்ளோவ்டிவ் நகரத்திலிருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் அப்போது அவர்கள் இரண்டு பேர்தான்.

டிமக்ஸ், கணினியின் ஒரே கருப்புத் திரையை நான்கு கட்டமாகப் பிரித்து வேலை பார்க்க உதவும் நிரல். கட்டம் விட்டுக் கட்டம் தாவும் விசைகளைப் பதினோரு வருடமாகத் தன் இடது கைக்கு வாகாகவே அவர் வைத்திருந்தார். இன்று எல்லாம் வலப்பக்கம் போயிருந்தன.

"என் பாஸ்வேர்டு தெரிஞ்ச எவனோ உள்ள வந்திருக்கான்."

"வந்தவன் எதையும் திருடாம கீயை மட்டும் மாத்திட்டா போவான்? எப்ப மாறிச்சுன்னு பாருங்கண்ணே."

"நேத்து மத்தியானம் மூணேகாலுக்கு. அப்ப இதே நாற்காலியிலதான் இருந்தேன். என் கண்ணு முன்னாடியே மாத்தியிருக்கான்."

ராலிட்சா எழுந்து வந்து, எந்த விசைக்கு என்ன வேலை என்று எழுதிவைக்கும் அமைப்புக் கோப்பைப் படித்தாள். கடைசியில், அவர் வழக்கமாக எழுதுவதுபோல் தேதியும் பெயரும் போட்டு ஒரு குறிப்பு இருந்தது: 'இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் வலதுக்கு மாற்றிவிட்டேன்.'

"இது நீங்க எழுதினதுண்ணே."

"நானா? என் கைக்கு என்ன கேடு?"

அவள் குரல் இறங்கியது. "ரெண்டு கையையும் கொஞ்சம் தூக்குங்க."

"இந்தா, தூக்கிட்டேன். ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?" என்று அவர் சிரித்தார்.

ராலிட்சா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். மேலே இருந்தது அவருடைய வலது கை மட்டும்தான். இடது கை விசைப்பலகையின் மேல் அசையாமல் கிடந்தது.