சத்தமில்லாத எஞ்சின்

"பழைய படகுக்குப் புது எஞ்சின் மாட்டியாச்சு. பக்கத்துல நின்னாக்கூட சத்தம் கேக்காது," என்றார் மீனவர் பெருமையாக.

மனைவியின் முகம் வாடியது. "பழசே நல்லாத்தானே இருந்துச்சு?"

"அது போட்ட கூச்சல்ல மீனெல்லாம் ஓடிப்போச்சு. நீ எப்பவும்போல சூடா சமைச்சு வை."

இருபது வருஷமாக, அவர் வீட்டுக்குள் நுழையும்போது சாப்பாட்டில் ஆவி பறக்கும்.

அன்று கூடை நிறைய மீனோடு வந்தார். அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. டிவி ஓட, மனைவி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

தட்டி எழுப்பினார். "என்ன இது?"

"உங்க எஞ்சின் தூரத்துல கத்துறதைக் கேட்டுத்தானே எழுந்து அடுப்பைப் பத்த வைப்பேன்," என்றாள் கொட்டாவியோடு.

மாலையே மெக்கானிக்கிடம் போனார். "படகுல நல்ல ஹாரனா ஒண்ணு மாட்டுப்பா."

"கடல்ல யாருண்ணே குறுக்க வரப்போறா?"

"குறுக்க யாரும் வர வேணாம். சாப்பாடு வந்தாப் போதும்."