பதினேழு செடிகள்

"இதோட அப்பா அம்மா யாருன்னு நிரூபிக்கவே எனக்கு நாலு வருஷம் ஆச்சு சார்" என்றாள் ஷபீனா, பால்கனியின் நிழல் மூலையில் இருந்த தொட்டியைக் காட்டி.

சேலையூரில் மூன்றாவது மாடி வீடு அது. ஷபீனா ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. எதிரே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த ஹர்ஷா, தன்னை அறிவியல் மாத இதழ் ஒன்றின் நிருபர் என்று போனில் அறிமுகம் செய்திருந்தான். அது பொய். நாவலூர் அபார்ட்மெண்டில் இருந்துகொண்டு அபூர்வச் செடிகளை விற்பவன் அவன். காட்டில் புதிதாக எது கண்டுபிடிக்கப்பட்டாலும், கட்டுரை வெளியான மறுமாதமே அந்தச் செடி அவன் வாடிக்கையாளர் ஒருவரின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். இதுவரை ஒருமுறைகூட அவன் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

"பார்க்க சாதாரண பிகோனியா மாதிரிதானே மேடம் இருக்கு?"

"பிகோனியாதான். ஆனா காட்டு பிகோனியாவுல ரெண்டு வகை கலந்து தானா பொறந்தது. ஒண்ணு பாறை இடுக்குல வளரும். இலை முழுக்க முடி, ரோஸ் கலர் பூ. இன்னொண்ணு ஓடைக்கரையில. வழவழன்னு இலை, வெள்ளைப் பூ. யாரும் ஒட்டு வைக்கல. ஏதோ ஒரு தேனீ பண்ண வேலை."

ஹர்ஷா குனிந்து பார்த்தான். உள்ளங்கை அகலத்தில், ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்த இலைகள். நரம்புகள் மேல் மட்டும் செம்பட்டையாக முடி. அழகுதான்.

"ரெண்டோட கலப்புன்னு எப்படி உறுதியா சொல்றீங்க?"

"டிஎன்ஏ பார்த்தாச்சு. ரெண்டு பக்கமும் பாதிப் பாதி. மகரந்தத்தை மைக்ராஸ்கோப்புல வெச்சா எல்லாம் வெறும் கூடு. அதனால விதை பிடிக்காது, பரவாது. அந்த ஒரே ஓடையில பதினேழு செடி நிக்குது. உலகத்துலயே அவ்வளவுதான்."

பதினேழு. அந்த எண்ணை எழுதி இரண்டு கோடு போட்டான் ஹர்ஷா. 'நாட்டிலேயே என்னிடம் மட்டும்தான் இருக்க வேண்டும்' என்று சொல்லியிருந்த பெங்களூர்க்காரர் நினைவுக்கு வந்தார்.

"எந்த ஓடைன்னு எழுதலாமா மேடம்?"

ஷபீனா தலையசைத்து மறுத்தாள்.

"ஆறு வருஷம் முன்னாடி ஒரு ஆர்க்கிட் கண்டுபிடிச்சேன் சார். அதுதான் என்னோட முதல் செடி. எந்த மலை, எந்தப் பாறை, எந்த மரம்னு விலாவாரியா கட்டுரையில எழுதிட்டேன். அடுத்த மழைக்குப் போய்ப் பார்த்தா ஒண்ணுகூட இல்ல. மரத்துப் பட்டையோட சேர்த்துப் பேத்து எடுத்திருந்தாங்க. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை இடத்தை எழுதல."

"அநியாயம் மேடம்" என்று முகம் சுளித்தான் ஹர்ஷா. அந்த ஆர்க்கிட்டை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய முதல் பெரிய வியாபாரமே அதுதான்.

இடம் தெரியாததில் அவனுக்கு வருத்தமும் இல்லை. பிகோனியாவுக்கு வேர் தேவையில்லை. ஒரு முழு இலை போதும். நரம்பைக் கீறி ஈர மணலில் படுக்க வைத்தால் இரண்டு மாதத்தில் குட்டிச் செடிகள் கிளம்பிவிடும்.

"டீ சாப்பிடுவீங்கல்ல? இஞ்சி தட்டிப் போடறேன், கொஞ்சம் நேரமாகும்" என்று எழுந்து உள்ளே போனாள் ஷபீனா.

சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டதும் ஹர்ஷா தொட்டியை நெருங்கினான். பின்பக்கம் மறைவாக இருந்த நல்ல இலை ஒன்றைக் காம்போடு கிள்ளி நோட்டுக்குள் வைத்து மூடினான். உட்கார்ந்து, பெங்களூருக்கு 'கிடைச்சாச்சு' என்று மெசேஜ் அனுப்பினான். டீ வந்தது. ஒப்புக்கு இரண்டு கேள்விகள் கேட்டு, இதழ் வந்ததும் ஒரு பிரதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு இறங்கினான்.

வண்டியைக் கிளப்பும்போது "சார், ஒரு நிமிஷம்" என்ற குரல். ஷபீனா படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் செய்தித்தாள் சுற்றிய சின்னத் தொட்டி. உள்ளே அதே செடி.

"நோட்டுக்குள்ள வெச்சா இலை நசுங்கிடும். இது வேரோட இருக்கு, எடுத்துக்கோங்க."

ஹர்ஷா எஞ்சினை அணைத்தான். "மேடம், நான் வந்து..."

"பரவால்ல. இந்த வாரம் வந்த நிருபர்ல நீங்க நாலாவது" என்றாள் அவள், கோபமே இல்லாமல். "வனத்துறைகிட்ட முறையா அனுமதி வாங்கித்தான் சார் ரெண்டு இலை எடுத்துட்டு வந்தேன். ரெண்டு வருஷமா லேப்ல இதைப் பெருக்கறதுதான் எங்க வேலை. நேத்து காலையில தாம்பரத்துலேர்ந்து கேளம்பாக்கம் வரைக்கும் ஒரு நர்சரி விடாம இறக்கியாச்சு."

தொட்டியை அவன் வண்டியின் முன்பக்கம் பத்திரமாக வைத்தாள்.

"முப்பது ரூபாய்க்கு யார் வேணா வாங்கலாம். வீட்டுக்கு வீடு இருக்கப்போற செடிக்காக, இனிமே எவன் சார் மலையேறுவான்?"