ஒட்டுத் தெரியாத ஒரு மணி நேரம்

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி, தாளம் தப்பாமல் தலையாட்டிக்கொண்டிருந்தாள் அவள். உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு. பார்ப்பவர்கள், இசையென்றால் இவளுக்கு உயிர் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

எதிரே முக்காலியில் அவள் கணவர். இருபத்திரண்டு வருடமாக டிஜே. புரோகிரசிவ், டிரான்ஸ் என்று நடன இசை வகைகளில், ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டைப் பாலில் தண்ணீர் கலப்பதுபோலக் கலந்து, ஒரு மணி நேரம் ஆட்களை மிதக்க விடுகிறவர்.

அவள் துணி தைப்பவள். கல்யாணமான புதிதில் அவர் கலந்ததைக் கேட்டுவிட்டு, "நாலாவதும் அஞ்சாவதும் சேர்ற இடத்துல தையல் பல்லிளிக்குதுங்க" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவள் கேட்டு, சரி என்று சொன்னால்தான் எதுவும் மேடைக்குப் போகும். ஒரு குறையாவது சொல்லாமல் அவள் விட்டதே இல்லை.

இப்போது அவர் காதுக்கே கேடு வந்துவிட்டது. இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதில் பாதிதான் மிச்சம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இரண்டு மாதத்துக்கு முன்னால் திறந்தவெளியில் ஒரு நிகழ்ச்சி. பாதியிலேயே கூட்டம் கலைந்தது. "ஏன் போயிட்டாங்க?" என்று கேட்டார். "மேகம் கட்டிருச்சு. மழைக்குப் பயந்து ஓடிட்டாங்க. நீங்க பிரமாதமாத்தான் பண்ணீங்க" என்றாள் அவள்.

வருகிற சனிக்கிழமை மறுபடியும் ஒரு மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"நேத்து உக்காந்து ஒரு மணி நேரம் பண்ணி வச்சிருக்கேன். கேட்டுட்டு நீ சரின்னா போறேன். ஒட்டுத் தெரிஞ்சா எல்லாத்தையும் மூட்டை கட்டிடறேன். மத்தவங்க என் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்லுவாங்க. உனக்கு அது வராது" என்று சொல்லி, ஹெட்போனை அவரே அவள் காதில் மாட்டிவிட்டார்.

வழக்கமாக அவள் கேட்கும்போது மனிதர் அறையிலேயே இருக்க மாட்டார். பரீட்சை எழுதிவிட்டு வந்தவர்போல பால்கனியில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். இன்றைக்கு என்னவோ, ஒரு கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

முதல் நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. மெதுவாகத்தானே தொடங்கும் என்று காத்திருந்தாள். மூன்றாவது நிமிடத்தில் சத்தத்தை முழுக்க ஏற்றிப் பார்த்தாள். ம்ஹூம். காதில் விழுந்தது வெறும் மௌனம்.

அடப் பாவமே! ரெக்கார்டருக்குப் போகிற ஒயரைச் சொருகாமலேயே ஒரு மணி நேரம் வாசித்திருக்கிறாரே மனிதர்! போட்டுப் பார்த்திருந்தாலும், கோளாறு பதிவிலா தன் காதிலா என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது? இதை எந்த வாயால் சொல்வது? சொன்னால் இப்போதே இடிந்து உட்கார்ந்துவிடுவார்.

அதனால்தான் தலையாட்டினாள். அவர் வலது கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஓரக்கண்ணால் அந்தக் காலைப் பார்த்து, அதே வேகத்தில் ஆட்டினாள்.

இருபதாவது நிமிடத்தில் கால் சட்டென்று நின்றது. நடுவில் தாளம் அடங்கும் இடம் போலிருக்கிறது என்று அவளும் தலையை நிறுத்தினாள். கொஞ்சம் பொறுத்துக் கால் இரண்டு மடங்கு வேகத்தில் ஆடியது. அவள் தலையும் அடித்துப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியது.

ஒரு மணி நேரமும் ஒரு யுகமாகக் கழிந்தது. எத்தனை ஆயிரம் பேரை ஆட வைத்த மனிதர், இன்றைக்கு ஒன்றுமில்லாததை எதிரே வைத்துக்கொண்டு காலாட்டுகிறாரே என்று நினைத்தாள். ஹெட்போனைக் கழற்றும்போது கண் நிறைந்துவிட்டது.

"அழறியா?"

அவர் வலது காதுப் பக்கம் குனிந்து உரக்கச் சொன்னாள். "பாட்டு அப்படி. நான் என்ன பண்ண?"

சுவரில் ஒட்டியிருந்த பாட்டு வரிசையை அவர் காட்டினார். "ஆறும் ஏழும் சேர்ற இடம்?"

"எங்க முடிஞ்சுது, எங்க ஆரம்பிச்சுதுன்னே தெரியல."

"நடுவுல தாளம் நின்னப்போ?"

"மூச்சே நின்னு போச்சுங்க."

"ஒரு குறைகூட இல்லையா?"

"தேடித் தேடிப் பார்த்தேன், ஒண்ணும் அகப்படல. சனிக்கிழமை தைரியமாப் போங்க."

கோபம் இல்லை அவர் முகத்தில். புடவைத் தலைப்பை இழுத்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து, சுருட்டி வைத்திருந்த ஒரு கறுப்பு ஒயரை எடுத்து அவள் மடியில் வைத்தார். ரெக்கார்டர் ஒயர்.

"இதை நேத்து நானேதான் கழட்டி வச்சேன்" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள், மெல்லிய குரலில் கேட்டார்.

"அப்போ அன்னைக்கு அவங்க மழைக்குப் பயந்து ஓடல, இல்ல?"