நாலாவது கை

காலை பத்து மணி. வட்டார நிர்வாக அதிகாரியான சீஃப்பின் அலுவலகத்து மரத்தடியில் நாற்பத்திரண்டு பேர் கூடியிருந்தார்கள். நடுவில் தனி நாற்காலியில் நெகேசா.

நெகேசாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. எல்டோரெட் நகரச் சந்தைக்குப் பக்கத்தில், மருந்துக்கடையை ஒட்டிய ஒற்றை அறையில் மசாஜ் செய்கிறாள். பார்வையற்றோர் பள்ளியில் இரண்டு வருஷம் படித்து வாங்கிய சான்றிதழ் அவள் மடியில் இருந்தது. அந்த அறையை மூடச் சொல்லித்தான் புகார். மூடிவிட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

புகார் கொடுத்தவர் கிப்தானுய். சர்ச்சில் மூப்பர். வட்டாரத்து வழக்குகளைத் தீர்க்கும் ஏழு பெரியவர்களில் ஒருவர். முக்கால் மணி நேரம் பேசினார். மசாஜ் என்று பலகை மாட்டிய இடங்களில் என்னென்ன நடக்கிறது என்பது ஊருக்கே தெரியும் என்றார். ஆம்பளைகள் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு பெண் முன்னால் படுப்பது எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

"பார்க்கத்தான் அந்தப் பொண்ணுக்குக் கண்ணு இல்லையே, பெரியவரே" என்றான் பின்னால் ஒருவன். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

சபையில் பேசுகிறவர் முதலில் பெரியவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும். அது வழக்கம். சீஃப் லாகட் அவளை அழைத்துப் போனார். ஏழு பேருக்கும் வரிசையாகக் கை கொடுத்தாள். இடது கையால் தன் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, மரியாதையாக. பிறகு வந்து உட்கார்ந்து, தன் வேலையைச் சொன்னாள்.

நோயைக் குணமாக்குவதாக அவள் யாரிடமும் சொன்னதில்லையாம். எலும்பு முறிவு, காய்ச்சல், வீக்கம் என்று வந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாளாம். கவலையிலும் வேலையிலும் வருஷக்கணக்காக இறுகிப்போன தசையை நீவித் தளர்த்துவது மட்டும்தான் அவள் வேலை.

"உடம்பு இறுக்கமா இருந்தா மனசும் கூடவே இறுகிக்கும். ஒண்ணைத் தளர்த்தினா இன்னொண்ணு கொஞ்சம் மூச்சு விடும். அவ்வளவுதான்" என்றாள்.

அடுத்து ரோடா எழுந்தாள். சந்தையில் பழைய துணி விற்கிறவள். முதுகில் மூட்டை சுமந்தே பிடரி போனவள்.

"ஆறு வருஷம் மாத்திரை முழுங்கினேன். வலி அப்படியே இருந்துச்சு, தூக்கம் போச்சு. இப்ப வலி பாதி இருக்கு, தூக்கம் முழுசா இருக்கு. இந்தக் கணக்கு எனக்குப் போதும்."

கிப்தானுய் அசையவில்லை. அங்கே போகிற ஆம்பளைகளின் பெயரைச் சொல்லட்டும், அப்போது தெரியும் லட்சணம் என்றார்.

நெகேசா பெயர் சொல்ல மறுத்தாள். வலியோடு வருகிறவர்கள் சபைக்குப் பதில் சொல்ல வரவில்லை என்றாள்.

சீஃப் கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவர்களே முடிவு செய்யட்டும் என்றார். மூட வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார். நாலு கை எழுந்தால் மூடல்.

மூன்று கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. நாலாவதாகக் கிப்தானுய் தூக்கினார். வலது கை. தோளிலிருந்து நேராக, தொப்பிக்கும் மேலே.

சீஃப் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லவில்லை. கூட்டம் முழுக்க அந்தக் கையையே பார்த்தது.

லாரியிலிருந்து விழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷமாக அந்தக் கை நெஞ்சுக்கு மேல் ஏறியதில்லை. சர்ச்சில் குழந்தைகளை இடது கையால்தான் ஆசீர்வதித்தார். ஞாயிற்றுக்கிழமை கோட்டை அவர் மனைவிதான் மாட்டிவிடுவாள். இது அங்கிருந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருத்திக்கு மட்டும்தான் கண்ணால் பார்த்துத் தெரியாது.

ரோடாதான் கேட்டாள். "பெரியவரே, அந்தக் கை எப்ப சரியாச்சு?"

"ஜெபம்" என்றார் கிப்தானுய். கையை இறக்க மறந்துபோயிருந்தார்.

சீஃப் நெகேசா பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. மூப்பர் உன்கிட்ட வந்திருக்காரா?"

வந்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அறை தப்பிக்கும். அவர் மூப்பர் பதவி அந்த மரத்தடியிலேயே முடிந்துவிடும்.

"எனக்குக் கண்ணு தெரியாது, சீஃப் ஐயா. என்ன பேரு சொல்லிட்டு வர்றாங்களோ, அந்தப் பேருதான் எனக்கு. கிப்தானுய்னு யாரும் வந்ததில்லை."

மேலே இருந்த கை மெல்ல இறங்கியது. அவர் மடியில் போய் உட்கார்ந்தது.

சீஃப் மறுபடி எண்ணினார். மூன்று. புகார் தள்ளுபடி.

திரும்பும் வழியில் ரோடா விடவில்லை. உனக்கு நிஜமாகவே தெரியாதா என்று கேட்டாள்.

"கை கொடுத்தப்பவே தெரிஞ்சுது. செவ்வாய்க்கிழமை பின்வாசல் வழியா வர்றவர். கரியுகின்னு சொல்லுவார், லாரி டிரைவராம்."

"அப்புறம் ஏன்டி சொல்லலை?"

"சொன்னா வெட்கத்துல வர்றதை நிறுத்திடுவார். அந்தத் தோள் இன்னும் பாதிதான் தளர்ந்திருக்கு. நடுவுல விட்டா திரும்ப இறுகிடும்."

அதற்கடுத்து வந்த செவ்வாய்க்கிழமை, மார்ச் பதினெட்டாம் தேதி, மதியம் இரண்டு மணிக்கு ஒருவர் முன்வாசல் வழியாக வந்து, ஆறு பேர் காத்திருந்த பெஞ்சில் உட்கார்ந்து, பெயர் கேட்டபோது கிப்தானுய் என்று சொன்னார்.