சவர்க்கார நுரை

மாலை வகுப்புக்குப் போகமுதல் காஸ் அடுப்பைத் துப்பரவாக்குவது றொசானாவின் சனிக்கிழமை வேலை. திருக்கை மீன் பொரித்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினாள். பேர்ணர் துளைகளை ஊசியால் குத்திக் கழுவினாள். கடைசியாக, காஸ் கசிகிறதா என்று பார்க்கக் குழாயில் சவர்க்கார நுரையைத் தடவி ரெகுலேற்றரைத் திறந்தாள்.

குழாயின் நடுவில் ஒரு குமிழி எழும்பியது. உடையாமல் சுருங்கியது; மறுபடி எழும்பியது. கசிவென்றால் சுருங்காதே, நான்தான் பிழையாகப் பார்க்கிறேனோ என்று குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். குமிழி அப்படியே நின்றது. மூச்சு விட்டாள். அதுவும் அசைந்தது.

பயந்துபோய் ரெகுலேற்றரைப் பூட்டினாள். குமிழி ஒட்டிப்போனது. வாயை அகலத் திறந்தும் அவளுக்குள் காற்றுப் போகவில்லை. ரெகுலேற்றரைத் திறந்த பிறகுதான் மூச்சு வந்தது. தற்செயலாக இருக்கும் என்று இன்னொரு தரம் பூட்டிப் பார்த்தாள். அதேதான்.

"என்ன பிள்ளை, அடுப்புக்குப் பூசை வைக்கிறியே?" அம்மா மதலேனா நெருப்புப்பெட்டியோடு உள்ளே வந்தாள். "தள்ளு, தேத்தண்ணி வைக்கப்போறன்."

"நெருப்புத் தட்டாதேங்கோ அம்மா! காஸ் கசியுது."

"அப்ப பூட்டன், விசரி."

"பூட்டேலாதம்மா. பூட்டினா எனக்கு மூச்சு…"

"உனக்குக் கை ஏலாட்டி நான் பூட்டுறன்."

மதலேனா குனிந்து, வலை இழுத்துப் பழகிய கையால் ரெகுலேற்றரை இறுக்கிப் பூட்டினாள். குழாயில் இருந்த நுரையைத் துணியால் அவசரமில்லாமல் ஆறுதலாகத் துடைத்தாள்.

"பார், இப்ப ஒண்டும் கசியேல்லை," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.