ஆனி மாத வண்டி

மூன்றாம் முறையும் கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

காரின் முன்னால் நிறுத்தியிருந்த பலகையில் ஒரு விலை. கையில் இருந்த தாளில் இன்னொரு விலை.

இரண்டுக்கும் நடுவே எண்பத்தைந்தாயிரம் ரூபாய்.

தாளில் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். துணைப் பொருள்கள்.

பொருள்கள் மேசைமேல் இருந்தன. உறை பிரிக்காத நான்கு கால்மிதிகள், டிக்கியில் விரிக்க ஒரு ரப்பர் பாய், ஒரு வாசனைப் புட்டி. கால்மிதி ஒன்றைத் தூக்கினார். கை தானாக எடை பார்த்தது.

எண்ணூறு கிராம் இருக்கும்.

"கட்டாயம் இல்லீங்க சார்," என்றான் நவநீதன். ஷோரூம் மேலாளர். முப்பது வயதுக்குள் இருப்பான். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான். "அது வேண்டாம்னா வரிசைல நிக்கலாமுங்க. கார்த்திகைல வந்துரும். இது ஆனி மாச வண்டிங்க. அதான்."

ஆடி பிறக்க ஆறு நாள் இருந்தது. ஆடியில் யாரும் புது வண்டி எடுப்பதில்லை. அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பாதி ஈரோடு அந்த ஷோரூமில் வந்து உட்கார்ந்திருந்தது.

அவர் மனைவி காலை நீட்டிச் சோபாவில் இருந்தாள். இடது முழங்காலில் அறுவை முடிந்து எட்டு வாரம். திங்கட்கிழமை கோபியில் அவள் பாடம் நடத்தும் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். இனிப் பேருந்துப் படி ஏற முடியாது. மின்சாரக் காரில் கிளட்ச் இல்லை, இடது காலுக்கு வேலையே இல்லை என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அவள் வேறு எதுவும் பேசவில்லை.

"என்னங்க யோசனை?" என்றாள்.

அவர் முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பது வேலை. அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் வழக்கு எழுதுவதும். இருபத்திரண்டு வருடம்.

போன மாதம் பேருந்து நிலையத்தில் ஒரு தண்ணீர்ப் புட்டி. இரண்டு ரூபாய் கூடுதல். குளிர வைத்த கூலி என்றார் கடைக்காரர். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தாகத்தோடு வீட்டுக்கு வந்தார். ஆய்வுக்குப் போன இடத்தில் அவர் எதையும் குடிப்பதில்லை.

இப்போது சட்டத்தை மனத்துக்குள் புரட்டினார்.

கார் பொட்டலப் பொருள் இல்லை. அதன்மேல் விலை அச்சிடவில்லை. பலகை வெறும் பலகை.

கால்மிதி பொட்டலப் பொருள்.

திருப்பிப் பார்த்தார். விலைச் சீட்டின்மேல் இன்னொரு விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதுவே குற்றம். அவர் நகம் அதன் ஓரம்வரை போனது.

திரும்பி வந்துவிட்டது.

"தம்பி," என்றாள் மனைவி. "இவரு முத்திரை இன்ஸ்பெக்டருங்க தம்பி. கொஞ்சம் பார்த்துப் போடுங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் எங்கேயும் அதைச் சொன்னதில்லை. காய்கறிக்காரியிடம்கூட.

நவநீதன் முகம் மாறவில்லை. தாளை வாங்கினான். எண்பத்தைந்தாயிரத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டான். பக்கத்தில் சின்னதாகத் தன் கையொப்பம்.

"பொருளெல்லாம் வண்டியிலயே இருக்கட்டுங்க சார். மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க. இங்க ஒரு கையெழுத்துப் போட்டு வையுங்க, சாவி எடுத்துட்டு வந்தர்றேன்."

உள்ளே போய்விட்டான்.

மனைவி சிரித்தாள். அவளிடம் கோபப்பட ஒன்றுமில்லை. விலை குறைந்திருக்கிறது. பலகையில் இருந்ததே இப்போது தாளிலும் இருக்கிறது. சரியான விலை.

ஆனால் அவர் பதவிக்காகக் குறைந்த விலை.

கொடுத்தால், விலைக்கு மேல் கொடுத்தவர். கொடுக்காவிட்டால், லஞ்சம் வாங்கியவர்.

கோட்டை அழித்துப் பழையபடி எழுதச் சொல்லலாம். அப்படி யார் கேட்பார்கள்? கேட்டு முழுப் பணமும் கட்டினால், அதற்கு ரசீது தருவார்களா? கேட்காமல் எழுந்து போகலாம். எழுந்து போனால், திங்கட்கிழமை?

பேனாவின் மூடியைத் திறந்தார். மூடினார்.

எதிர்ச் சோபாவில் ஒரு வேட்டிக்காரர் மகளோடு இருந்தார். அவர் கையிலும் ஒரு தாள். மேசையில் அதே கால்மிதிகள். வெகுநேரமாக இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லக் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க, உங்களுக்கு எச்சா எவ்வளவு போட்டிருக்கறாங்க?"

ஆய்வுக்குப் போகும் கடை வாசலில் நின்றுகொண்டு, பொருள் வாங்கி வருபவர்களை மறித்து ஆய்வாளர் தினமும் கேட்கிற கேள்வி. பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள் என்று சேர்த்துக் கேட்பார்.

தாள் மடியில் இருந்தது. கை அதன்மேல் கவிழ்ந்திருந்தது.

"எண்பத்தஞ்சு," என்றார்.

சொன்ன பிறகுதான் அது பொய்யா என்று யோசித்தார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடாதவரை பொய் இல்லை என்று தோன்றியது. அப்படியும் சொல்ல முடியாது என்றும் தோன்றியது.

மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

வேட்டிக்காரர் முகம் தெளிந்துவிட்டது.

"அப்பச் சரிங்க. நம்மள மட்டும் ஏமாத்திப் போடறாங்களோன்னு ஒரு மணி நேரமா உக்காந்துட்டிருக்கறனுங்க. கட்டலாமா வேண்டாமான்னு."

மகளுக்குத் தலையசைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பணம் கட்டும் இடத்துக்கு நடந்தார்.

பத்தடி தூரம்தான். கூப்பிட்டால் கேட்கும்.